மிளகு ஏணியிலிருந்து விழுந்தவரின் இடப்பக்க விலாக்கூடு: ஒரு நிகழ்வு ஆய்வு

கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி குமுளி, வண்டன்மேடு, புளியமலைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏலக்காய் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே உயரத்திலிருந்து விழ வாய்ப்புக் குறைவு. மிளகு பறிப்பு அப்படியல்ல. மார்கழியிலிருந்து மாசி வரை, சில்வர் ஓக்கிலும் முருக்கிலும் படர்ந்த கொடியில் சரம் பறிக்க ஒற்றை மூங்கிலைத்தான் ஏணியாகச் சாய்க்கிறார்கள். கணுவோரம் வெட்டாமல் விட்ட குச்சிகளே படி. ஒற்றைக்கால் ஏணி வழுக்குவதைவிட உருளுவதுதான் அதிகம். உருண்டால் ஆள் காலூன்றி விழமாட்டார், விலாப்பக்கமாகச் சாய்ந்து விழுவார். கை கொடியைப் பிடிக்க மேலே தூக்கியிருக்கும் என்பதால் புயமும் குறுக்கே வந்து அடியைத் தாங்காது.

கீழே வருவது ஒரே ஒருவருடைய கோப்பு அல்ல. இந்த மலையடிவாரத்தில் வழக்கமாகப் பார்க்கக் கிடைக்கும் காயங்களைச் சேர்த்து, மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள், இயன்முறை சிகிச்சையாளர்கள் படிப்பதற்காகக் கட்டிய மாதிரி நிகழ்வு. உடற்கூறும் மருந்தளவுகளும் பாடநூல் வழக்கப்படி உள்ளவை.

நிகழ்வு

61 வயது ஆண், எடை 54 கிலோ, பல வருடப் பீடிப் பழக்கம். சுமார் 12 அடி உயரத்திலிருந்து விழுந்து, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் இடப்பக்க விலா மோதியது. மயக்கமில்லை, ரத்த வாந்தியில்லை, எழுந்து நடந்தார். தோட்டத்தில் இருந்தவர்கள் ஈரிழைத் துண்டை நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். வழியில் ஒரு கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டார்கள். வீட்டில் தைலம் தடவி, துண்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்கள். இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். விழுந்து 30 மணி நேரம் கழித்து மருத்துவமனைக்கு வந்தபோது மனைவி சொன்ன ஒரு வரி, நோயின் போக்கை எக்ஸ்ரேயைவிடத் தெளிவாகக் காட்டியது: "நேத்தெல்லாம் பேசிக்கிட்டுதான் இருந்தாரு சார். இன்னைக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல வரல."

மூச்சு நிமிடத்துக்கு 34. நாடி 116. ரத்த அழுத்தம் 108/70. வெளிக்காற்றில் ஆக்சிஜன் செறிவு 86 சதவீதம். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 54 மி.மீ. பாதரசம், கார்பன் டை ஆக்சைடு 47. கழுத்தில் ஸ்கேலின் தசைகளும், காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் பெரிய தசையும் ஒவ்வொரு மூச்சுக்கும் கயிறாகப் புடைத்தன. இருமச் சொன்னால் தொண்டைக்குழியில் ஒரு முனகல் மட்டும் வந்தது. இடது தோள் முனையிலும் வலி சொன்னார், ஆனால் தோளை எந்தப் பக்கம் அசைத்தாலும் அந்த வலி கூடவில்லை.

மூச்சின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக்கூடாது. 34 முறை மூச்சு விடுகிறவருக்குக் கார்பன் டை ஆக்சைடு 40-க்குக் கீழே இருக்க வேண்டும். 47 என்றால் மூச்சு வேகமாக இருக்கிறதே தவிர, காற்று உள்ளே போகவில்லை. தோராயக் கணக்கு இது: மூச்சுக்குழாய்களிலேயே தங்கிப் பயன்படாமல் போகும் காற்று கிலோவுக்கு 2 மில்லி, ஆக 54 கிலோவுக்கு ஏறத்தாழ 110 மில்லி. நல்ல நாளில் இவர் ஒரு மூச்சுக்கு 400 மில்லி இழுத்து நிமிடத்துக்கு 15 முறை விட்டால் காற்றறைகளுக்கு 4.35 லிட்டர் போகும். இப்போது ஒரு மூச்சு 220 மில்லிதான் என்று வைத்தால், அதில் பாதி வழியிலேயே நின்றுவிடும். 34 முறை விட்டும் போய்ச் சேர்வது 3.7 லிட்டர். இரு மடங்கு உழைப்பு, குறைந்த பலன். ஆக்சிஜன் முகமூடி போட்டால் செறிவு எண் ஏறிவிடும், கார்பன் டை ஆக்சைடு அப்படியே நிற்கும். விரலில் மாட்டும் கருவி 96 காட்டுகிறது என்று நிம்மதியாக இருந்த வார்டுகளில்தான் இரவு இரண்டு மணிக்கு அவசரமாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட நேர்கிறது.

துண்டை வெட்டிய பிறகு தெரிந்தது

துண்டை அவிழ்க்காமல் கத்தரியால் வெட்டினார்கள். அதன் பிறகும் முதல் சில நிமிடம் நெஞ்சு ஒழுங்காக அசைவதுபோலத்தான் இருந்தது. வலியால் தசைகள் இறுகி, உடைந்த பகுதியைத் தாங்களே பிடித்து வைத்திருந்தன. சிரை வழியாக மார்ஃபின் 2 மில்லிகிராம், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு 2 மில்லிகிராம் கொடுத்து இறுக்கம் தளர்ந்ததும், அக்குளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பகுதி மூச்சை இழுக்கும்போது உள்ளே போய், விடும்போது வெளியே வந்தது. கண்ணை நேராக வைத்துப் பார்த்தால் இது எளிதில் தப்பும். கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, நெஞ்சின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கி, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தொட்டால் தோலுக்கடியில் காற்று நறநறத்தது.

எக்ஸ்ரேயில் இடப்பக்கம் 5, 6, 7-ஆம் விலாக்களில் முறிவு, கீழ்மூலையில் திரவம், மேலே மெல்லிய காற்றுப்பட்டை. சாதாரண எக்ஸ்ரே விலா முறிவுகளில் பாதி அளவைத் தவறவிடும், குருத்தெலும்பு உடைந்தால் காட்டவே காட்டாது. சிடி எடுத்தபோது கணக்கு மாறியது. 4, 5, 6, 7 நான்கும் இரண்டிரண்டு இடத்தில், நடு அக்குள் கோட்டில் ஒன்றும் பின்னால் விலா வளையும் கோணத்தருகே ஒன்றுமாக உடைந்திருந்தன. 8, 9 ஒவ்வோர் இடத்தில். அடியில் நுரையீரல் கன்றிப்போயிருந்தது. மண்ணீரலின் உறைக்கடியில் சிறிய ரத்தக்கட்டு, முதல் நிலை. தோள் முனை வலிக்குக் காரணம் அதுதான். உதரவிதானத்தின் நடுப்பகுதிக்கு உணர்ச்சி தருவது கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து இறங்கும் ஃபிரெனிக் நரம்பு. தோளின் தோலுக்கும் அதே நான்காம் கழுத்து நரம்பு. உதரவிதானக் குவிமாடத்துக்கடியில் ரத்தம் உறுத்தினால் மூளைக்குத் தோள் வலிப்பதாகத்தான் செய்தி போகும். அடிபட்டது விலாவில், வலி தோளில், தோள் அசைவோ சரி என்றால் வயிற்றை ஸ்கேன் செய்யாமல் விடக்கூடாது.

அடுத்தடுத்த மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் உடைந்து, நடுத்துண்டு கூட்டோடு தொடர்பற்றுப் போவதுதான் ஆடும் நெஞ்சுச்சுவர். இந்த நோயாளியின் மூச்சு ஏன் இப்படி ஆனது என்பதற்கு, கூடு நல்லபடியாக இருக்கும்போது என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கூடு அசையும் விதம்

விலாக்கள் 12 இணை. முதல் ஏழும் தம் சொந்தக் குருத்தெலும்பால் மார்பெலும்பைத் தொடுகின்றன. 8, 9, 10 மேலே உள்ளதன் குருத்தெலும்பில் ஒட்டிக்கொள்கின்றன. 11, 12 முன்பக்கம் எதையும் தொடாமல் நிற்கின்றன. எண்ணத் தொடங்கும் இடம் கழுத்துப்பட்டை எலும்பு அல்ல, அதன் அடியில் முதல் விலாவைத் தொட்டுணர முடியாது. மார்பெலும்பின் மேல்துண்டும் நடுத்துண்டும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு மேடு விரலுக்குத் தட்டும். அதன் பக்கத்தில் இருப்பது இரண்டாம் விலா. அங்கிருந்து கீழே, சற்று வெளிப்பக்கமாக நகர்ந்து எண்ணினால் தவறாது. மார்புக்காம்பை நம்பி எண்ணுவது ஆணுக்கே நிச்சயமில்லை, பெண்ணுக்கு உதவவே உதவாது.

விலா ஒவ்வொன்றும் பின்னாலிருந்து முன்னால் சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவில்தான் மூச்சு இருக்கிறது. மேல் விலாக்கள் உயரும்போது மார்பெலும்பு அடிபம்பின் கைப்பிடிபோல முன்னும் மேலும் எழும்பி, முன்பின் அளவு கூடுகிறது. கீழ் விலாக்கள் உயரும்போது வாளியின் கைப்பிடியைத் தூக்கியதுபோலப் பக்கவாட்டில் விரிகின்றன. நம் நோயாளிக்கு உடைந்தவை 4 முதல் 9 வரை, அதாவது பக்கவாட்டு விரிவைத் தரும் பகுதியே போய்விட்டது. விலாவின் கோணத்துக்குச் சற்று முன்னால்தான் அது மிகவும் பலவீனம். நேரடியாக அடிபட்ட இடத்தில் ஒன்று, வளைவு தாங்காமல் கோணத்தருகே இன்னொன்று என இரட்டை முறிவு வருவதற்கு இதுவே காரணம்.

விலாக்களுக்கிடையே 11 இடைவெளி, ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்குத் தசை. வெளியடுக்கின் நார்கள் சட்டைப்பைக்குள் கை விடும் திசையில், கீழும் முன்னுமாக ஓடுகின்றன. பின்னால் விலாவின் புடைப்பில் தொடங்கி முன்னால் குருத்தெலும்பு சேரும் இடத்தோடு நின்று, அதற்கப்பால் வெறும் சவ்வாகிவிடுகின்றன. மூச்சிழுக்க விலாவைத் தூக்குவது இவை. நடு அடுக்கு அதற்குக் குறுக்கே, கீழும் பின்னுமாக ஓடி, மார்பெலும்பின் ஓரத்திலிருந்து விலாக் கோணம் வரை வருகிறது. பலமாக மூச்சை வெளியேற்ற உதவுவது இதன் எலும்பிடைப் பகுதி. குருத்தெலும்புகளுக்கிடையே உள்ள பகுதியோ மூச்சிழுப்பதில் சேர்கிறது. இந்த விதிவிலக்கைத் தேர்வில் கேட்பார்கள். மூன்றாவது உள்ளடுக்கு மெல்லியது. ஆனால் அதற்கும் நடு அடுக்குக்கும் இடையில்தான் விலாவின் கீழ்விளிம்புப் பள்ளத்தையொட்டி மேலிருந்து கீழாகச் சிரை, தமனி, நரம்பு என்ற வரிசையில் மூன்றும் போகின்றன. ஊசியோ குழாயோ எப்போதும் கீழ்விலாவின் மேல்விளிம்பையொட்டி நுழைவது இதனால்தான். இரண்டு திருத்தம் இந்த விதிக்கு உண்டு. கீழ்விலாவின் மேல்விளிம்பிலும் ஒரு சிறு கிளைத்தமனி ஓடுகிறது. முதுகெலும்புக்கு அருகே, அதிலும் வயதானவர்களுக்கு, முதன்மைத் தமனி பள்ளத்துக்குள் அடங்காமல் இடைவெளியின் நடுவில் வளைந்து தொங்கும். முதுகுத்தண்டை ஒட்டி ஊசி போடுகிறவர் விலாவின் மேல்விளிம்பில் சரியாகப் போட்டும் ரத்தம் கொட்டுவது இப்படித்தான்.

இத்தனை சொன்னாலும், ஓய்வான மூச்சில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேலை உதரவிதானத்துடையது. மார்பெலும்பின் நுனி, கீழ் ஆறு விலாக்களின் உட்பக்கம், இடுப்பு முதுகெலும்பு ஆகிய இடங்களிலிருந்து எழும்பி நடுவில் ஒரு தசைநாண் தகட்டில் சேர்கிறது. அமைதியான மூச்சில் 1 முதல் 2 செ.மீ. இறங்கும், ஆழ்ந்து இழுத்தால் 7 முதல் 10 செ.மீ. முழுக்க மூச்சை விட்ட நிலையில் வலக் குவிமாடம் நான்காம் விலா இடைவெளி வரைக்கும், இடது ஐந்தாம் இடைவெளி வரைக்கும் ஏறிவிடுகிறது. அதாவது நெஞ்சு என்று வெளியிலிருந்து நாம் நினைக்கும் கீழ்ப்பாதிக்குள் இருப்பது கல்லீரலும் மண்ணீரலும் இரைப்பையும். ஒன்பதாம் விலா உடைந்தவருக்கு மண்ணீரல் கன்றியதில் வியப்பேதுமில்லை. காற்றையும் ரத்தத்தையும் வடிக்கும் நெஞ்சுக்குழாயை ஏழாம் இடைவெளியில் செருகியவர் மண்ணீரலைக் குத்துவதிலும் இல்லை.

வயது ஏறும்போது விலாக் குருத்தெலும்புகள் சுண்ணாம்பேறிக் கூடு விறைத்துப்போகிறது. அப்போது மூச்சின் பாரம் முழுக்க உதரவிதானத்தின்மீது விழுகிறது. எனவே 61 வயதுக்காரருக்கு வயிறு உப்புவது ஒரு சுவாசப் பிரச்சினை. வலியால் காற்றை விழுங்கி, மார்ஃபினால் மலம் கட்டி, வயிறு பானையாக நின்றால் உதரவிதானம் இறங்க இடமிருக்காது. மூக்கு வழியாக இரைப்பைக் குழாய், முதல் நாளிலிருந்தே மலமிளக்கி, தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயரம் ஆகிய மூன்றும் மருந்துச்சீட்டில் வலிமருந்துக்கு அடுத்த வரியிலேயே இருக்க வேண்டும்.

இருமல் தனிக் கணக்கு. சுமார் 2.5 லிட்டர் காற்றை உள்ளிழுத்து, குரல்வளையை மூடி, வயிற்றுச் சுவர்த் தசைகளை இறுக்கி 100 மி.மீ. பாதரச அளவுக்கு மேல் அழுத்தத்தை ஏற்றித் திடீரெனத் திறப்பதுதான் நல்ல இருமல். வயிற்றின் வெளிச்சாய்தசை கீழ் எட்டு விலாக்களிலிருந்து புறப்படுகிறது. அதன் பற்கள், தோள்பட்டையிலிருந்து வரும் செரேட்டஸ் தசையின் பற்களோடு ஐந்தாம் விலாவிலிருந்து எட்டாம் விலா வரை மாறிமாறிக் கோத்திருக்கும். இவருக்கு உடைந்த துண்டுகள் சரியாக அந்தக் கோப்பில். ஒவ்வோர் இருமலிலும் மேலிருந்து ஒரு தசையும் கீழிருந்து ஒரு தசையும் முறிந்த முனையை எதிரெதிரே இழுக்கும். அதனால் இருமவில்லை. இருமாததால் சளி தேங்கியது. பீடிச் சளி, கன்றிய நுரையீரலின் ரத்தக்கசிவு, இரண்டும் சேர்ந்து இரண்டாம் நாளில் மூச்சை மறித்தன.

கட்டு ஏன் கூடாது

ஆடும் துண்டால் கெட்ட காற்று ஒரு நுரையீரலிலிருந்து மறு நுரையீரலுக்கு ஊசலாடுகிறது, அதை அசையாமல் நிறுத்தினால் சரியாகிவிடும் என்றுதான் மருத்துவ உலகமும் நெடுங்காலம் நம்பியது. ஒட்டுப்பட்டை, மணல்மூட்டை, விலாவில் கொக்கி போட்டு எடை தொங்கவிடுவது எல்லாம் நடந்திருக்கின்றன. 1956-இல் ஆவெரியும் சக மருத்துவர்களும் செயற்கை சுவாசக் கருவியால் உள்ளிருந்து நெஞ்சை விரித்து நிறுத்தும் முறையைக் கொண்டுவந்த பிறகு, துண்டு ஆடினாலே கருவி என்ற வழக்கம் வந்தது. 1975-இல் டிரிங்கிளின் குழு கருவியில்லாமலும் இவர்களைத் தேற்ற முடியும் என்று காட்டி அதை மாற்றியது. உயிரைக் குடிப்பது அடியில் கன்றிய நுரையீரலும், வலியால் எடுக்கப்படாத மூச்சும். ஆடும் துண்டு அவ்வளவு அல்ல. கன்றல் முதல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, 24 முதல் 48 மணி நேரத்தில் முற்றும். "நேற்று நன்றாக இருந்தார்" என்பது இந்தக் காயத்தின் இயல்பு.

இதை வைத்துப் பார்த்தால் நெஞ்சைச் சுற்றிக் கட்டிய ஈரிழைத் துண்டு செய்தது புரியும். வலி கொஞ்சம் குறைந்தது உண்மை, அதனால்தான் எல்லா ஊரிலும் கட்டுகிறார்கள். ஆனால் அது உடைந்த பக்கத்தோடு நல்ல பக்கத்தையும் கட்டியது. வாளிக் கைப்பிடி அசைவு இருபுறமும் நின்றது. தைலம் போட்டு நீவுவது அதைவிட மோசம், உடைந்த முனையை நுரையீரலின் உறைக்குள் தள்ளிவிடக் கூடும். இருமும்போது மட்டும் தலையணையையோ மடித்த போர்வையையோ அடிபட்ட பக்கத்தில் அணைத்து அழுத்திக்கொண்டு, இருமி முடித்ததும் விட்டுவிடுவது சரி. அங்கே அழுத்தம் சில நொடி, துண்டுக்கட்டில் அது நாள் முழுக்க.

நெஞ்சுக்குழாய்

வலியை அடக்கும் வலிக்கட்டுக்கு முன்னால் நெஞ்சுக்குழாய் போட வேண்டியிருந்தது. நுரையீரல் உறைக்குள் காற்று இருக்கும்போது அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுத்தாலோ மயக்கி மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட்டாலோ அந்தக் காற்று பெருத்து இதயத்தையே தள்ளிவிடும். இரைப்பை நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறதா என்பதையும் படத்தில் முதலில் பார்த்தார்கள். உதரவிதானக் கிழிசல் இடப்பக்கம்தான் அதிகம் பிடிபடுகிறது.

கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்தால் முன்னால் பெரிய மார்புத்தசையின் ஓரம், பின்னால் முதுகின் அகன்ற தசையின் ஓரம், கீழே ஐந்தாம் இடைவெளியின் மட்டம், மேலே அக்குள். இந்த முக்கோணத்துக்குள், நடு அக்குள் கோட்டுக்குச் சற்று முன்னால். இவருக்கு முறிவும் அதே கோட்டில் இருந்ததால் இன்னும் ஒரு விரல்கடை முன்னால் நகர்ந்தார்கள். முறிந்த முனை கையுறையையும் விரலையும் சேர்த்துக் கிழிக்கும்.

மரக்கவைக்கும் லிக்னோகெய்ன் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்றால் 162 மில்லிகிராம், 2 சதவீத மருந்தில் 8 மில்லி. அதே அளவு சலைன் கலந்து 16 மில்லியாக்கினால் தோலுக்கும் விலாவின் மேற்பரப்புக்கும் உறைக்கும் தாராளமாக வரும். வலியுள்ள இடம் உறைதான், தோலிலேயே மருந்தைத் தீர்ப்பது வழக்கமான தவறு. ஆறாம் விலாவின் மேல்விளிம்பையொட்டி 3 செ.மீ. வெட்டு, வளைந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் தசைகளைப் பிரித்து உள்ளே, பிறகு விரலை விட்டுச் சுற்றிலும் துழாவல். விரலுக்கு நுரையீரலின் மென்மை தட்ட வேண்டும். கூர்முனைக் கம்பி வைத்துக் குத்தும் பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. 28 அளவுக் குழாய் பின்னும் மேலுமாகச் சென்றது. கடைசித் துளை உறைக்குள் இருக்கிறதா என்று படத்தில் உறுதி செய்தார்கள். வெளியே நின்றால் தோலுக்கடியில் காற்று நிரம்பி முகமே வீங்கும்.

உடனே 450 மில்லி ரத்தமும் காற்றும் வந்தன. 1500 மில்லி ஒரேயடியாக வந்திருந்தாலோ, மணிக்கு 200 மில்லி வீதம் 2 முதல் 4 மணி நேரம் நீடித்திருந்தாலோ நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். குழாய் இணையும் நீர்ப் பாட்டிலில் குழாயின் முனை நீருக்குள் 2 செ.மீ. மட்டும் மூழ்க வேண்டும், பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே. மலைப்பாதையில் ஆம்புலன்ஸில் மாற்றும்போது பாட்டில் சாயும் என்று பயந்து குழாயைக் கிளாம்ப் போடுகிறார்கள். காற்று கசிந்துகொண்டிருப்பவருக்குக் கிளாம்ப் என்பது அடைத்து வைத்த காற்று. பாட்டிலை முட்டிக்கிடையே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் போதும்.

வலிக்கட்டு

பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. டைக்ளோஃபெனாக் வகை மண்ணீரல் காரணமாக நிறுத்தப்பட்டது. அதே காரணத்தால் ரத்தக்கட்டுத் தடுப்பு ஹெபாரினும் 48 மணி நேரம் தள்ளிப்போனது. மார்ஃபினை மட்டும் நம்பினால் வலி குறையும், மூச்சும் குறையும். எனவே நரம்புக்கட்டு, அதாவது வலியைக் கொண்டுபோகும் நரம்புகளை மருந்தால் மரக்கவைப்பது.

எந்தக் கட்டு என்பதை முறிவின் இடம் முடிவு செய்தது. 2013-இல் விவரிக்கப்பட்ட செரேட்டஸ் தளக் கட்டு போடுவதற்கு எளிது, படுத்தபடியே போடலாம். ஆனால் அது எட்டுவது முன்னும் பக்கவாட்டும்தான், கோணத்தருகே உள்ள முறிவுக்கு எட்டாது. விலா நரம்பு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மருந்து போடுவது ஆறு குத்து, சில மணி நேரப் பலன், ரத்தத்தில் வேகமாக ஏறும் ஆபத்து. தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் நெஞ்சு மட்ட எபிடூரல் சிறந்தது, ஆனால் ரத்த அழுத்தம் 108-இல் இருப்பவருக்கு, மண்ணீரலிலும் காயம் இருக்கும்போது, தயங்குவது நியாயம். முதுகெலும்பையொட்டிய நீளத் தசைக்கடியில் மருந்து போடும், 2016-இல் வந்த எரெக்டர் ஸ்பைனே கட்டு தேர்வானது.

தோள்பட்டையின் கீழ்நுனி ஏழாம் முதுகு முள்ளின் மட்டம். அங்கிருந்து மேலே எண்ணி ஐந்தாம் மட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. தள்ளி அல்ட்ராசவுண்ட் வைத்தால் மூன்று தசையடுக்கு தெரியும்: ட்ரபீசியஸ், ரோம்பாய்டு, அதனடியில் எரெக்டர் ஸ்பைனே. கீழே போகப் போக ரோம்பாய்டு மறைந்து இரண்டடுக்காகும், மட்டம் சரியா என்று பார்க்க இது நல்ல அடையாளம். ஊசிமுனை குறுக்கு முள்ளின் எலும்பைத் தட்டியதும் மருந்து அந்தத் தசையை எலும்பிலிருந்து நீளவாக்கில் தூக்க வேண்டும். தசைக்குள்ளேயே உப்பினால் ஊசி மேலோட்டமாக நிற்கிறது. மரக்கவைக்கும் ரோபிவகெய்ன் 0.2 சதவீதத்தில் 20 மில்லி, அதாவது 40 மில்லிகிராம், பிறகு மெல்லிய குழாய் வழியாக மணிக்கு 8 மில்லி. நெஞ்சுக்குழாய் போட்டபோது கொடுத்த லிக்னோகெய்னையும் கணக்கில் சேர்த்தே உச்ச அளவைப் பார்க்க வேண்டும்.

கட்டுக்கு முன் ஆழ்ந்து இழுத்த அளவு 650 மில்லி. கிலோவுக்கு 15 மில்லி என்ற வரம்பு இவருக்கு 810, அதற்குக் கீழே நல்ல இருமலை எதிர்பார்க்க முடியாது. கட்டுப் போட்ட 40 நிமிடத்தில் 1150 மில்லி. முதல் இருமலில் கருஞ்சிவப்புக் கட்டியாகச் சளி வந்தது. செறிவு எண் அதன் பிறகுதான் நிலைத்தது.

இந்த அளவை மூன்று பந்துக் கருவியில் பார்க்க முடியாது. 600, 900, 1200 என்று அதில் எழுதியிருப்பது ஒரு நொடிக்கு ஓடும் காற்றின் வேகம், மூச்சின் கொள்ளளவு அல்ல. வெடுக்கென்று இழுத்தால் மூன்று பந்தும் ஏறிவிடும், நுரையீரலின் அடிப்பகுதி விரிந்திருக்காது. உலக்கை ஏறும் கொள்ளளவுக் கருவிதான் வேண்டும். பந்துக் கருவியே கிடைக்கிறதென்றால், முதல் பந்தை மட்டும் மேலே நிறுத்தி மூன்று நொடி பிடிக்கச் சொல்லலாம். பாதிப் பேர் ஊதுவார்கள். "ஊதாதீங்க ஐயா, இளநிய ஸ்ட்ரா வச்சு உறிஞ்சுற மாதிரி மெதுவா இழுங்க" என்று செவிலியர் சொன்னது உடனே பிடித்துக்கொண்டது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 முறை.

அடுத்த நாட்கள்

மூக்கு வழி அதிவேக ஆக்சிஜன் நிமிடத்துக்கு 40 லிட்டர், இரண்டு நாள். சிரை வழித் திரவம் தேவைக்கு மட்டும், கன்றிய நுரையீரலில் மிகைத் திரவம் கசிந்து நிற்கும். படுக்கும்போது நல்ல பக்கம் கீழே. இரண்டாம் நாள் பாட்டிலைக் கையில் பிடித்தபடி வார்டில் நடந்தார். குழாயில் 180, பிறகு 90 மில்லி, காற்றுக் குமிழி மூன்றாம் நாள் நின்றது, ஐந்தாம் நாள் எடுத்தாயிற்று.

தகடு வைத்து விலாவை இணைக்கும் அறுவை சிகிச்சை, செய்வதானால் முதல் 72 மணி நேரத்துக்குள் நல்லது. ஆடும் துண்டு உள்ளவர்களுக்கு அதற்கான சான்று கூடிவருகிறது, இவருக்கும் யோசிக்கப்பட்டது. முனைகள் அதிகம் விலகாமல் இருந்ததும், மூன்றாம் நாள் கொள்ளளவு 1400-ஐத் தாண்டியதும் பார்த்து விடப்பட்டது. வேறொரு குழு செய்திருந்தால் தவறென்று சொல்ல முடியாது. நரம்புக்கட்டு போட ஆளில்லாத இடத்தில் அறுவை சிகிச்சைக்கோ வேறு மருத்துவமனைக்கோ சீக்கிரம் அனுப்புவதே சரி. 2000-இல் வெளியான சியாட்டில் ஆய்வில், 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு கூடுதல் விலா முறிவும் இறப்பு வாய்ப்பை 19 சதவீதமும் நிமோனியா வாய்ப்பை 27 சதவீதமும் கூட்டியது. இவருக்கு வயது நான்கு குறைவு, பீடி அதை ஈடுகட்டிவிடும். ஆறு விலா உடைந்த ஒருவரை முதல் நாளே வலிமாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது எந்தக் கணக்கிலும் சேராது.

ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். மண்ணீரலுக்காக மறு ஸ்கேன். ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, பன்னிரண்டு வாரம் ஏணி கூடாது. வலி குறைந்தாலும் முறிவு கட்டி முற்றுவதற்கு முன் ஜீப்பின் பின்பெஞ்சில் மலையேறுவதும் பாரம் தூக்குவதற்குச் சமம்.

மூன்றாம் மாதம் வந்தபோது நெஞ்சு இருபுறமும் ஒன்றாக விரிந்தது. மிச்சமிருந்தது, குழாய்த் தழும்பிலிருந்து முன்னால் உள்ளங்கை அளவுக்கு மரத்துப்போன தோலும், சட்டை உரசினால் வரும் எரிச்சலும். ஐந்தாம் விலா நரம்பின் பக்கக் கிளை நடு அக்குள் கோட்டில்தான் தோலுக்கு வெளிவருகிறது, முறிவோ குழாயோ அதைத் தொட்டிருக்கும். மரத்தல் பெரும்பாலும் மாதக்கணக்கில் சுருங்கும். எரிச்சல் தூக்கத்தைக் கெடுத்தால் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுக்கலாம். சிறுநீர் தடைப்படும் புராஸ்டேட் தொல்லையோ கண்ணழுத்த நோயோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டு.